சந்தை ஊரில் குடியேறுகிறவர்களுக்கு: ஸ்கிப்டனில் முதல் வருடம்

யார்க்‌ஷரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னால் நம் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது, லண்டனிலிருந்து எவ்வளவு தூரம் என்றுதான். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். ஸ்கிப்டனில் குடியேறினால் உங்களுக்குப் பெரிய நகரமான லீட்ஸ் ரயிலில் முக்கால் மணி நேரம், பக்கத்து ஊர் கீத்லி கால் மணி நேரம். மற்றபடி எல்லாமே நடக்கிற தூரம்தான். சுமார் 15,000 பேர் வாழும் ஊர். பெயருக்கே ஆட்டு ஊர் என்று பொருள். 1204-இல் ஜான் மன்னர் சந்தை கூட்ட உரிமைப் பட்டயம் கொடுத்தார். இன்றைக்கும் ஊரின் நடு அச்சு அந்தச் சந்தைதான்.

நானும் என் மனைவியும் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்கள். அவர் நர்ஸ். பெரிய நகரத்தில் யாரையும் தெரியாமலே பத்து வருடம் ஓட்டிவிடலாம். இந்த மாதிரி ஊரில் அப்படி இருந்தால் உங்களுக்கும் நஷ்டம், ஊருக்கும் நஷ்டம். இங்கே செய்தி என்பது பேப்பரில் பாதி, வாயில் பாதி. இரண்டுமே உங்களைத் தேடி வராது. நீங்கள்தான் அது இருக்கும் இடத்தில் போய் நிற்க வேண்டும். எங்கே, எப்போது என்று எங்களுக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வந்த வாரமே

முதலில் ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டரின் மருத்துவமனையில் பெயர் பதியுங்கள். முகவரிச் சான்று இல்லை என்பதற்காக உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவச் சேவையின் விதி. உயிருக்கு ஆபத்து என்றால் 999, ஆபத்தில்லாத உடல்நலக் கேள்விக்கு 111, அவசரமில்லாத போலீஸ் விஷயத்துக்கு 101. மூன்றையும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

அப்புறம் கவுன்சில் வரி, அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி. வழக்கமாகப் பத்துத் தவணை, ஏப்ரல் முதல் ஜனவரி வரை. குடும்பம் வந்து சேரும்வரை தனியாக இருக்கிறீர்கள் என்றால் 25 சதவீதத் தள்ளுபடி உண்டு, கேட்டால்தான் தருவார்கள். விசாவில் அரசு உதவி பெறக் கூடாது என்று எழுதியிருக்கிறதே என்று பயந்து பலர் இதைக் கேட்பதில்லை. அந்தத் தள்ளுபடி அரசு உதவிக் கணக்கில் வராது.

குப்பை நாளைக் கவுன்சிலின் இணையதளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த நிறத் தொட்டி எந்த வாரம் என்பது தெருவுக்குத் தெரு மாறும். சந்தேகம் வந்தால் முந்தின நாள் இரவு ஜன்னல் வழியாகத் தெருவைப் பாருங்கள், எல்லோரும் எதை வெளியே வைத்திருக்கிறார்களோ அதை வையுங்கள். பக்கத்து வீட்டுத் தொட்டி காலியான பிறகு அதைத் திரும்ப உள்ளே இழுத்து வைத்துக் கொடுத்தால், அதுவே உங்கள் முதல் அறிமுகம். எங்களுக்கு அப்படித்தான் தொடங்கியது.

நூலகம் ஹை ஸ்ட்ரீட்டிலேயே இருக்கிறது. உறுப்பினர் அட்டை இலவசம். சிறு குழந்தை இருந்தால் பாட்டு, கதை நேரங்களுக்குக் கூட்டிப் போங்கள். குழந்தை பாட்டுக் கற்கும், நீங்கள் பத்து அம்மா அப்பாக்களைத் தெரிந்துகொள்வீர்கள்.

சந்தை

திங்கள், புதன், வெள்ளி, சனி. வாரத்தில் நான்கு நாள். ஹை ஸ்ட்ரீட்டின் மேல் கோடியில் ஹோலி டிரினிட்டி தேவாலயம், அதற்குப் பக்கத்திலேயே கோட்டை வாசல். அங்கிருந்து கீழே இறங்கும் வீதியின் இருபுறமும் கல் பாவிய தளம். அதில்தான் கம்பி நட்டுத் தார்ப்பாய் கட்டிக் கடை போடுகிறார்கள். சந்தை இல்லாத நாளில் அதே தளத்தில் கார்கள் நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஆடும் மாடும் இந்த வீதியிலேயே விற்கப்பட்டன. இப்போது கால்நடை ஏலம் ஊருக்கு மேற்கே கார்கிரேவ் சாலையில் தனி வளாகத்தில் நடக்கிறது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தை பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு அந்த ஏலக் கூடம் நெருக்கமாகிவிட்டது. ஆனால் அங்கே விலை சொல்வது கைத்துண்டுக்கு அடியில் இல்லை, எல்லோர் காதிலும் விழும்படி ஏலக்காரர் பாடுவதுபோல் அடுக்கிக்கொண்டே போவார்.

சந்தைக்குப் போக என் யோசனை இதுதான்: வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே காய்கறிக் கடை. விலை பத்து பென்ஸ் கூட இருந்தாலும் கடையை மாற்றாதீர்கள். மூன்றாவது வாரம் கடைக்காரர் உங்களைப் பார்த்துத் தலையசைப்பார். ஐந்தாவது வாரம் வானிலையைப் பற்றிப் பேசுவார். மழையைப் பற்றிப் பேசுவது இங்கே வெறும் பொழுதுபோக்கு இல்லை. மேலே டேல்ஸ் பள்ளத்தாக்குகளில் விவசாயம் செய்கிறவர்களுக்குப் புல் காய்வதும் குட்டி ஈனுவதும் அதைப் பொறுத்தது. அதற்குப் பிறகு செய்தி தானாக வரும். எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது, எந்தப் பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர், யார் வீட்டு மாடி வாடகைக்கு வருகிறது. எங்கள் இப்போதைய வீடு முட்டைக்கோஸ் வாங்கும்போது கேட்ட பேச்சில் கிடைத்ததுதான்.

பேரம் கிடையாது, எழுதிய விலைதான். பிற்பகலில் கடை கட்டும் நேரத்தில் போனால், மிஞ்சியதை அவர்களே கூறு போட்டுக் குறைத்துக் கொடுப்பதுண்டு. சில்லறையும் கையில் வைத்திருங்கள்.

கடைக்காரர், பஸ் ஓட்டுநர், வங்கிக் கவுன்ட்டரில் இருக்கும் அம்மா என்று எல்லோரும் உங்களை "லவ்" என்று கூப்பிடுவார்கள். என் மனைவிக்கு முதல் வாரம் திக்கென்றது. கொங்குப் பக்கம் முன்பின் தெரியாத பெரியவர்கூட "என்ன கண்ணு வேணும்" என்று கேட்பார் இல்லையா, அதேதான். "ஆல்ரைட்?" என்பது நம் "சாப்டாச்சா?" மாதிரி. உடம்பு எப்படி என்று விவரம் கேட்கவில்லை, "ஆல்ரைட்" என்று திருப்பிச் சொன்னால் போதும். "நவ் தென்" என்று ஒருவர் சொன்னால் அது வணக்கம், மிரட்டல் இல்லை. முக்கியமாக ஒன்று: பழைய யார்க்‌ஷர்க்காரர்களுக்கு "டின்னர்" மதியச் சாப்பாடு, "டீ" மாலை ஐந்தரை ஆறு மணிச் சாப்பாடு. டீக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள்.

கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் இந்தச் சந்தையில் தேடாதீர்கள். கொத்தமல்லி, பச்சை மிளகாய், பருப்புக்குக் கீத்லியின் தெற்காசியக் கடைகள் போதும். மற்றதற்குப் பிராட்ஃபோர்ட், லீட்ஸ். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் எல்லாம் ஆறு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கலாம் என்பது சட்டம். மாலை ஐந்து மணிக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம்.

வியாழக்கிழமைப் பேப்பர்

ஊர்ப் பேப்பரின் பெயர் கிரேவன் ஹெரால்ட். 1853-இல் தொடங்கியது, வாரம் ஒருமுறை வியாழனன்று வரும். 2009 வரை முதல் பக்கம் முழுக்க விளம்பரமாகவே இருந்தது. மாட்டு ஏலம், நில விற்பனை, துணிக்கடை அறிவிப்புதான் ஊர்க்காரர்களுக்கு முதல் செய்தி.

இந்தப் பேப்பரை நான் இன்னமும் பின்னாலிருந்துதான் படிக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்கும் அதையே சொல்வேன். முதலில் இறப்பு அறிவிப்புகள். அந்தப் பக்கத்தில் எந்தக் குடும்பம் எந்தக் கிராமத்தோடு உறவு, யார் யாருடைய தங்கை, எந்த ஆலையில் நாற்பது வருடம் வேலை பார்த்தார் என்று ஊரின் வேர் முழுக்கத் தெரியும். அடுத்தது பொது அறிவிப்புகள். சாலை மூடுவது, புது மது உரிமம், கட்டட அனுமதி எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். அதன்பின் கிராமச் செய்திகள், வாசகர் கடிதங்கள். கடிதங்களில் கார் நிறுத்துமிடம், சாலைக் குழி, நாய் அசிங்கம், புது வீட்டு மனைகள் என்று திரும்பத் திரும்ப அதே நான்கைந்து விஷயங்கள்தான். அவற்றைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். ஊர் எதற்குக் கோபப்படும் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. மாஜிஸ்திரேட் கோர்ட்டுச் செய்தியும் வரும், குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் பெயரோடு வரும்.

சில செய்திகள் வருடக்கணக்காக ஓடும். பாதியில் நுழைந்தால் புரியாது, அதனால் மூன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்கிப்டனிலிருந்து கோல்ன் ஊருக்குப் போன ரயில் பாதை 1970-இல் மூடப்பட்டது. அதை மறுபடி திறக்க வேண்டும் என்று 2001 முதல் ஓர் இயக்கம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. வயதானவர்களிடம் பேச்சுக் கொடுக்க இதைப் போல் ஒரு விஷயம் இல்லை. இரண்டாவது, ஹாரகேட் போகும் ஏ59 சாலையில் கெக்ஸ் கில் என்ற இடத்தில் மலைச்சரிவு மண் பலமுறை சரிந்து வழி அடைபட்டது. அதைச் சுற்றிப் புதுச் சாலை போடும் திட்டம் வந்தது. மூன்றாவது நம்மில் பலருக்கு வேலை சம்பந்தப்பட்டது. ஸ்டீட்டனில் உள்ள ஏர்டேல் மருத்துவமனை 1970-இல் திறக்கப்பட்டது. அது கட்டப்பட்ட, உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட்டுக்கு ஆயுள் குறைவு என்பதால், 2023 மே மாதம் அதைப் புதிதாகக் கட்டும் பட்டியலில் அரசு சேர்த்தது. அங்கே வேலைக்கு வருகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வந்தால், தாழ்வாரங்களில் முட்டுக்கொடுத்து நிற்கும் கம்பங்களைப் பார்த்துத் திகைக்க வேண்டியிருக்காது.

பேப்பருக்கு அடுத்தபடி அறிவிப்புப் பலகைகள். நூலகம், தேவாலயம், கடை ஜன்னல் என்று பார்த்துக்கொண்டே நடங்கள். விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதம் கட்டியிருந்தால் நின்று படியுங்கள். யாரோ வீடு கட்டவோ கடையை மாற்றவோ அனுமதி கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கருத்துச் சொல்ல வழக்கமாக 21 நாள். வாடகைக்கு இருப்பவரும் சொல்லலாம், குடியுரிமை தேவையில்லை. வெளிச்சம் மறையும், போக்குவரத்து கூடும், உங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் ஜன்னல் வரும் என்றால் எடுபடும். என் வீட்டு மதிப்புக் குறையும், மலை தெரியாமல் போகும் என்று எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு கவுன்சில், இரண்டு மேயர்

2023 ஏப்ரல் 1 வரை கிரேவன் மாவட்டக் கவுன்சில் என்று ஒன்று இருந்தது. பழைய பலகைகளில் அந்தப் பெயரை இன்னும் பார்க்கலாம். இப்போது குப்பை, சாலை, பள்ளி, கட்டட அனுமதி எல்லாம் நார்த் யார்க்‌ஷர் கவுன்சில். தலைமையகம் நார்தலர்டனில். அதற்குக் கீழே ஸ்கிப்டன் டவுன் கவுன்சில் தனி. அதன் கூட்டங்களில் பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கலாம், 1960-இல் வந்த சட்டமே அந்த உரிமையைத் தருகிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு பெஞ்சை எங்கே போடுவது என்று எத்தனை அக்கறையோடு பேசுகிறார்கள் என்று தெரியும். கழுத்தில் சங்கிலி அணிந்து விழாக்களுக்கு வருபவர் டவுன் மேயர், கவுன்சிலர்களே ஒரு வருடத்துக்குத் தேர்ந்தெடுப்பவர். 2024 மே மாதம் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த யார்க் - நார்த் யார்க்‌ஷர் மேயர் வேறு ஆள், பொறுப்பும் வேறு.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். இந்தியர்களும் இலங்கையரும் காமன்வெல்த் குடிமக்கள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வாழ்கிறீர்கள், 18 வயது ஆகிவிட்டது என்றால் உள்ளூர்த் தேர்தலில் மட்டும் இல்லை, நாடாளுமன்றத் தேர்தலிலும் உங்களுக்கு ஓட்டு உண்டு. வந்த முதல் வருடமே உண்டு. எத்தனையோ பேர் ஐந்தாறு வருடம் இது தெரியாமலே இருந்திருக்கிறார்கள். இணையத்தில் பதிய ஐந்து நிமிடம். தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்பே பதிந்திருக்க வேண்டும். 2023 மே முதல் இங்கிலாந்தில் ஓட்டுப் போடப் புகைப்பட அடையாளம் கேட்கிறார்கள், உங்கள் இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்டே போதும். பட்டியலில் பெயர் இருந்தால் கடன் மதிப்பீட்டுக்கும் நல்லது, செல்போன் ஒப்பந்தம் எடுக்கும்போது தெரியும்.

பிள்ளைகள் பள்ளி

தேதிகளைத் தவறவிடாதீர்கள். ஆறாம் ஆண்டு என்னும் வகுப்புக்குப் பிறகு சேரும் மேல்நிலைப் பள்ளிக்கு அக்டோபர் 31, தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15. இங்கிலாந்தின் பெரும்பாலான இடங்களில் நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசு கிராமர் ஸ்கூல்கள் இல்லை, ஸ்கிப்டனில் இருக்கின்றன. ஆண்களுக்கு எர்மிஸ்டட்ஸ், பெண்களுக்கு ஸ்கிப்டன் கேர்ள்ஸ் ஹை. தேர்வு ஆறாம் ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும், அதற்கு முன்பே பதிய வேண்டும். நம் பெற்றோர் அந்த இரண்டையே நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது எனக்கு வருத்தம். நுழைவுத் தேர்வு இல்லாத ஸ்கிப்டன் அகாடமிக்கும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எதில் சேர்வது

எதிலாவது ஒன்றில் சேருங்கள். கிரிக்கெட் தெரிந்தால் ஏப்ரலுக்கு முன்பே உள்ளூர் கிளப்பில் போய்ச் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு இரண்டாவது மூன்றாவது அணியில் ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். இடைவேளையில் சாண்ட்விச்சும் கேக்கும் வைத்துக்கொண்டு பேசும் அந்த இருபது நிமிடம் பந்துவீச்சைவிட முக்கியம். பழைய பொருள்களை விற்றுத் தொண்டுக்குப் பணம் சேர்க்கும் தர்மக் கடைகளில் வாரம் அரை நாள் உதவிக்கு நிற்கலாம். வேலை விசாவில் இருப்பவர்களும் தொண்டு செய்யத் தடை இல்லை.

பெண்களுக்கு விமன்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற சங்கம் உண்டு, எல்லோரும் டபிள்யூ.ஐ. என்பார்கள். ஜாம் போடுகிற வயதானவர்கள் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிருந்து ஐந்து மைல் வடக்கே உள்ள ரில்ஸ்டோன் சங்கத்துப் பெண்கள்தான், தங்களில் ஒருவரின் கணவர் ரத்தப் புற்றுநோயில் இறந்ததும், தாங்களே மாடலாக நின்று 1999-இல் ஒரு நாள்காட்டி வெளியிட்டு ஆராய்ச்சிக்கு மில்லியன் கணக்கில் பவுண்டு திரட்டினார்கள். ஒரு வீட்டுத் துக்கத்தை ஊரே தூக்கிச் சுமந்தது. இந்தப் பக்கத்து மனிதர்களைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த ஒரு விஷயம் ரொம்ப உதவியது.

துக்க வீடு

நம் ஊரில் இறந்த அன்றே தெருவே கூடிவிடும், சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டிவிடுவார்கள். இங்கே எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்த அன்று திரைச்சீலை இழுத்து மூடிய வீட்டுக்கு முன் போவதா வேண்டாமா என்று தெரியாமல் இருவரும் வாசலிலேயே நின்றோம். அடக்கம் மூன்று வாரம் கழித்துத்தான். அது இங்கே வழக்கம், அலட்சியம் இல்லை.

செய்ய வேண்டியது: இரண்டு மூன்று நாளில் ஒரு இரங்கல் அட்டை வாங்கி, அச்சடித்த வரிக்குக் கீழே அவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்றைக் கையால் எழுதிக் கதவின் தபால் வாயில் போடுங்கள். எங்கள் கார் பனியில் சிக்கியபோது அவர் மண்வெட்டியோடு வந்ததை என் மனைவி எழுதினார். பெரியவரின் மனைவி அந்த அட்டையை இன்னும் அடுப்பு மாடத்தில் வைத்திருக்கிறார். அடக்கத்துக்குப் போகலாமா என்றால், பேப்பர் அறிவிப்பில் தனிப்பட்ட நிகழ்ச்சி என்று போடவில்லை என்றால் போகலாம். பூ வேண்டாம், இந்தத் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை கொடுங்கள் என்று எழுதியிருந்தால் அதன்படியே செய்யுங்கள். சில நாள் கழித்துச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாம், காரம் இல்லாமல்.

தீபாவளியும் பொங்கலும்

வெடி விஷயத்தில் சட்டம் நம்மை மறக்கவில்லை. சாதாரண நாளில் இரவு 11 மணியோடு நிறுத்த வேண்டும், தீபாவளி அன்று அதிகாலை 1 மணிவரை அனுமதி உண்டு. ஆனால் அனுமதி இருக்கிறது என்பதற்காக அந்த நேரம்வரை வெடிக்க வேண்டியதில்லை. சுற்றிலும் நாய்களும், வேலிக்கு அந்தப்பக்கம் ஆடுகளும் இருக்கின்றன. ஒரு வாரம் முன்பே நான்கைந்து வீட்டுக்குச் சின்னக் குறிப்பு எழுதிப் போடுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்போம் என்று. கூடவே ஒரு டப்பா முறுக்கு.

நான்கு குடும்பம் சேர்ந்துவிட்டால் ஜனவரியில் ஒரு ஹால் எடுத்துப் பொங்கல் வையுங்கள், பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள். ஹால் வாடகை மணிக்கணக்கு, நாற்காலிகளை அடுக்கி, தரையைப் பெருக்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். விறகடுப்புக்கு விட மாட்டார்கள். சமையலறையிலேயே பொங்க விட்டு, எல்லோரையும் அங்கே கூட்டி வந்து காட்டினோம்.

சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் ஒரு சீட்டு வையுங்கள். ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்கள் என்று பதினான்கைச் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. முந்திரி, நிலக்கடலை, பால் என்று நமக்குத் தோன்றுவது மட்டும் இல்லை, கடுகும் எள்ளும்கூட அதில் இருக்கின்றன. தாளித்தது எல்லாமே கடுகுதானே. பெருங்காயம் வாங்கும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவு சேர்த்திருப்பார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்குச் சாம்பாரைக் கொடுத்துவிடக் கூடாது.

முடிந்த மறுநாள் பேப்பருக்கு நீங்களே ஒரு குறிப்பு அனுப்புங்கள். என்ன விழா, எங்கே, எப்போது, எத்தனை பேர் வந்தார்கள், எதற்குக் கொண்டாடுகிறோம், அவ்வளவுதான். ஒரு நல்ல படம். அதில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக, எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொடுங்கள். குழந்தைகள் இருந்தால் பெற்றோரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அச்சில் வந்தால் இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்று ஊருக்கு அம்மாவுக்கு, இன்னொன்று காய்கறிக் கடைக்காரருக்கு, அவரும் அந்தப் படத்தில் இருப்பார்.